விசில் எடுக்கும் மகளுக்கு

கண்ணு, போலோ ஆட்டத்துக்கு அம்பயராக இறங்கப்போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குதிரைமேல் அமர்ந்து எட்டுப் பேருடைய கோபத்துக்கு நடுவே நியாயம் சொல்வது லேசான வேலை இல்லை. அந்த வேலைக்கு இன்னும் நிறையப் பெண்கள் வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பார்த்தும் பட்டும் தெரிந்துகொண்டதை எழுதித் தருகிறேன், வைத்துக்கொள்.

1. நல்ல குதிரையைக் கேட்டு வாங்கு. ஆட்டக்காரர்கள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதை அம்பயருக்குக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. காயம் ஆறிவரும் குதிரை, இன்னும் பழகாத குதிரை, வயதான குதிரை. மைதானமோ 300 கஜ நீளம். பந்து ஓர் அடியில் பாதி மைதானத்தைத் தாண்டும்போது உன் குதிரை பின்தங்கினால், நீ தூரத்திலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டியதாகும். அன்று மாலை, "அந்தப் பெண்ணுக்கு ஆட்டம் பிடிபடவில்லை" என்பார்கள். குதிரையைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள். ஓர் இளம் பெண் இப்படிப் பேர் கெட்டு, அடுத்த பருவத்தில் வராமலே போனதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டத்துக்கு முந்தின நாளே லாயத்துக்குப் போ. எந்தக் குதிரை என்று கேள். ஏறி ஓட்டிப் பார். கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை, உன் வேலையின் முதல் பகுதி.

2. பந்து போகும் கோட்டைப் பார், ஆளைப் பார்க்காதே. போலோவின் நியாயம் முழுவதும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோட்டில்தான் இருக்கிறது. அடிபட்ட பந்து எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தக் கோட்டைத் தன் வலப்பக்கம் வைத்துத் தொடர்ந்து வருகிறவருக்கு வழியுரிமை. ஆபத்து வரும்படி அதில் யார் குறுக்கிட்டாலும் தவறு. ஆட்டக்காரர்களின் திறமையை அளக்கும் ஹாண்டிகேப் மைனஸ் 2 முதல் 10 வரை போகும். கோட்டுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. இந்த விளையாட்டில் அணிக்குப் பணம் போடும் பேட்ரனே பல சமயம் அணியில் ஆடுவார். இரவு விருந்தும் அவருடையதாக இருக்கலாம். அவர் கோட்டைக் கடந்தாலும் கை நடுங்காமல் ஊது. உண்ட வீட்டுக்கு நன்றி சொல்ல விருந்து மேசை போதும், மைதானம் வேண்டாம்.

3. இந்த ஆட்டத்தில் வழக்கமாக யாரும் தனியாகத் தீர்ப்பு சொல்வதில்லை என்பதை நினைவில் வை. குதிரைமேல் இரண்டு அம்பயர்கள், மைதானத்துக்கு வெளியே ஒரு தேர்ட் மேன். இருவரும் ஒத்துப்போகவில்லை என்றால் அவர் சொல்வதே முடிவு. எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் உன் துணை அம்பயர் மூத்த ஆணாக இருந்தால், "நீ கவலைப்படாதேம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அன்பாகவே சொல்வார். அந்த அன்புக்குள் நீ காணாமல் போய்விடக்கூடாது. நீ அவர் விசிலுக்காகக் காத்திருந்து அவர் முகத்தைப் பார்க்கத் தொடங்கினால், இரண்டாவது சக்கருக்குள், அதாவது ஆட்டத்தின் இரண்டாவது சுற்றுக்குள், எட்டு ஆட்டக்காரர்களும் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு அவர்கள் அவரோடு மட்டுமே பேசுவார்கள். ஆட்டத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசு: பந்துக்குப் பின்னால் யார், பக்கவாட்டில் யார், பந்தை இரு அணிகளுக்கும் நடுவே எறியும் த்ரோ-இன் போடும்போது எதிர்ப்புறம் யார் நிற்பது. விசில் ஊதியதும் இருவரும் பக்கத்தில் வாருங்கள். "நான் பார்த்தது இது, நீங்கள் பார்த்தது என்ன?" என்று கேள். ஒத்துப்போகாவிட்டால் தேர்ட் மேனிடம் போகத் தயங்காதே. மூத்தவரோடு மாறுபடுவது மரியாதைக் குறைவு என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்துவிட்டார்கள். விதிப்புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. என்னோடு ஊதிய பெரியவர் ஒருவர், நான் மாறுபட்ட ஒவ்வொரு முறையும் ஆட்டம் முடிந்ததும் என்னைத் தேடி வந்து ஏன் என்று கேட்பார். வாதாட அல்ல, தெரிந்துகொள்ள. எனக்குக் கிடைத்த பெரிய பள்ளிக்கூடம் அவர்தான். அப்படி ஒருவரை நீயும் தேடிக்கொள்.

4. சுருக்கமாக ஊது, சுருக்கமாகப் பேசு. எந்தப் பெனால்டி, எந்தப் பக்கம், அவ்வளவுதான். உன்னிடம் பேசும் உரிமை கேப்டனுக்குத்தான் உண்டு. மற்றவர் ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு முறையிட்டால் குரலை உயர்த்தாதே, விதியைக் காட்டு.

5. தவறு நேர்ந்தால் அதைச் சரிக்கட்ட இன்னொரு தவறு செய்யாதே. நான் மதித்த ஒரு மூத்த அம்பயர் இடைவேளையில் ஒரு கேப்டனிடம் போய், "அதை நான் சரியாகப் பார்க்கவில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அடுத்த சக்கரில் அந்த அணிக்குச் சலுகையாக ஒரு விசில்கூட இல்லை. கோபத்தோடு வந்த அந்தக் கேப்டன், அன்றிலிருந்து அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை பேசியதில்லை.

6. பெண்கள் ஆட்டத்துக்கென்று தனி அளவுகோல் வைக்காதே. "பெண்கள்தானே" என்று தவறுகளை விட்டுவிடுவோரும் உண்டு, தோள் உரசினாலே ஊதுவோரும் உண்டு. இரண்டுமே அவமரியாதை. சரியான கோணத்தில், சரியான வேகத்தில் வந்து எதிராளியைத் தள்ளுவது ஆட்டத்தின் உரிமை. ஒரே அணியைச் சேர்ந்த இருவர் ஒரே நேரத்தில் இரு பக்கமும் நெருக்குவது யார் செய்தாலும் தவறு. ஒரு குதிரை நொண்டினால் உடனே ஆட்டத்தை நிறுத்து. அதற்கு முறையிட வாய் இல்லை.

7. உனக்கு முன்னே நடந்தவர்களைத் தெரிந்துகொள். கலிபோர்னியாவில் சூ சாலி ஹேல் என்ற பெண், கூந்தலை ஹெல்மெட்டுக்குள் மறைத்து, பொய் மீசை வைத்து, ஏ. ஜோன்ஸ் என்ற பெயரில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் போலோ ஆடினார். 1972இல்தான் அமெரிக்க போலோ சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. நம் நாட்டில் இம்பாலின் பழம்பெரும் மைதானமான மாபல் காங்ஜெய்புங்கில் 2016இல் பெண்களுக்கென ஒரு போலோ போட்டி தொடங்கியது. மணிப்பூரின் சிறுகுதிரைகள்மேல் அங்கே பெண்கள் பாய்வதைப் பார்த்தால் உனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆட இடம் கிடைத்தாயிற்று. தீர்ப்பு சொல்லும் இடமும் வேண்டும். கிரிக்கெட்டில் நம் சென்னை என். ஜனனியும், விருந்தா ராட்டியும், காயத்ரி வேணுகோபாலனும் 2023 ஜனவரியில் ரஞ்சி ஆட்டங்களில் அம்பயர்களாக நின்றார்கள். அவர்கள் நின்றது ஆண்களின் ஆட்டத்தில் என்பதைக் கவனி. பெண்கள் ஆட்டத்தோடு உன்னை நிறுத்தினால் ஒப்புக்கொள்ளாதே. பயிற்சி சக்கரில் தொடங்கு, ஹாண்டிகேப் குறைந்த அணிகள் ஆடும் குறைந்த கோல் ஆட்டத்துக்குப் போ, பிறகு அடுத்த படியைக் கேள். விதித் தேர்வை மட்டும் ஒருபோதும் தள்ளிப்போடாதே.

8. கிளப்பிடம் கேட்க வேண்டியதைக் கூச்சமின்றிக் கேள்: ஆணுக்குத் தரும் அதே ஊதியம், உடை மாற்ற ஓர் அறை, ஆட்டம் முடிந்ததும் உன் முடிவுகளைத் தனியே உட்கார்ந்து பேச ஒரு மூத்தவர். மூன்றாவதுதான் மிக முக்கியம். அது இல்லாத இடத்தில் பெண்களை அழைத்து வருவார்கள், வளர்க்கமாட்டார்கள்.

9. லாயத்தில் குதிரை தேய்த்துக்கொண்டே உன் ஆட்டங்களைப் பார்க்கும் அந்தச் சின்னப் பெண்ணைக் கவனித்தாயா? அடுத்த பயிற்சி ஆட்டத்துக்கு அவளையும் கூட்டி வா. முதலில் நேரக்கணக்கைப் பிடிக்கட்டும்: சக்கரில் 7 நிமிடம் ஆனதும் ஒரு மணி, அரை நிமிடம் கழித்து மறு மணி. பிறகு கோல் பக்கம் கொடியோடு நிற்கட்டும். கொஞ்சம் பழகியதும் தேர்ட் மேன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவை. நீ ஊதும் ஒவ்வொரு விசிலுக்கும் முன்னால் அவள் தன் முடிவை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். ஆட்டம் முடிந்ததும் இருவரும் ஒப்பிட்டுப் பாருங்கள்.