தோணியும் துடுப்பும்

மனிதன் நிலத்தில் வண்டி உருட்டக் கற்பதற்கு நெடுங்காலம் முன்னரே நீரில் மரம் ஓட்டக் கற்றுக்கொண்டான். வெள்ளத்தில் மிதந்து வந்த மரத்துண்டே அவனுக்கு முதல் ஆசிரியனாக இருந்திருத்தல் வேண்டும். அதன்மேல் அமர்ந்து கையால் நீரைத் தள்ளியவன், பின்னர்க் கையின் வேலையைப் பலகை ஒன்றினிடம் ஒப்படைத்தான். அப்பலகையே துடுப்பு. புணை, தெப்பம், பரிசல், அம்பி, ஓடம், தோணி, வள்ளம், கட்டுமரம் எனத் தமிழில் சிறு கலங்களுக்கு வழங்கும் பெயர்களை எண்ணிப் பார்த்தால், நம் முன்னோர்க்கும் நீருக்கும் இருந்த நெருக்கம் நன்கு விளங்கும்.

தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்வோர்க்குப் படகு என்பது தொலைவில் உள்ள பொருளாகத் தோன்றலாம். ஆனால், மழைநீர் செல்லும் வழியைத் தொடர்ந்து சென்றால் உண்மை புலப்படும். தாம்பரத்திற்கு மேற்கே பெய்யும் மழை அடையாற்றில் சேர்கின்றது. கிழக்கே சேலையூர், செம்பாக்கம் முதலிய ஏரிகளில் நிரம்பி வழியும் நீரோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகின்றது. அங்கிருந்து ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்காம் கால்வாயில் கலந்து, தெற்கே ஓடி, முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கடலோடு கூடுகின்றது. ஆகவே, முட்டுக்காட்டில் படகு ஓட்டும் தாம்பரத்துச் சிறுவன், தன் வீட்டுக் கூரையில் விழுந்த நீரின் மேலேயே மிதக்கின்றான் எனலாம்.

விடுமுறையில் நகரை விட்டு நீங்கி, தோப்பின் நடுவே சிறு குடிலில் ஓரிரு நாள் தங்கி, காலையில் படகு ஓட்டி, மாலையில் கரையில் உலாவும் வழக்கம் மேலை நாடுகளில் பெரிதும் உண்டு. நம் நாட்டிலும் அது பரவி வருகின்றது. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் சென்று கிழக்கே திரும்பினால், உப்பளங்களையும் பரந்த கழியையும் கடந்து கோவளத்தை அடையலாம். அதன் வடபால் உள்ள முட்டுக்காட்டில், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை 1984 ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. அலையற்ற ஆழம் குறைந்த நீர், இனிய காற்று, நாரையும் கொக்கும் இரை தேடும் சேற்றுத் திட்டு ஆகிய யாவும் அங்கு உள்ளன. துடுப்புப் பிடிக்கப் புதிதாகக் கற்போர்க்கு இத்தகைய இடமே ஏற்றது.

இன்று விளையாட்டிற்குரிய துடுப்புப் படகுகளில் கயாக், கனூ என்னும் இரண்டும் உலகெங்கும் பெயர் பெற்றவை. கயாக், பனி சூழ்ந்த வடதுருவப் பகுதியில் வாழும் இனுவிட் மக்களின் படைப்பு. அவர்கள் மரத்தாலோ திமிங்கில எலும்பாலோ சட்டம் அமைத்து, அதன்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்தித் தைத்தனர். ஒருவர் கால் நீட்டி அமரும் அளவே அதில் இடம் உண்டு. அதன் துடுப்பிற்கு இரு முனையிலும் அலகு உண்டு. கனூவோ அமெரிக்கப் பழங்குடியினர் மரத்தைக் குடைந்தும், பூர்ச்ச மரப்பட்டையைப் போர்த்தியும் செய்த திறந்த தோணி. அதனை மண்டியிட்டோ அமர்ந்தோ, ஒற்றை அலகுத் துடுப்பால் ஓட்டுவர். 1936 இல் பெர்லின் நகரில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டில் இவ்விருவகைப் போட்டிகளும் இடம்பெற்றன. 2023 இல் சீனத்தின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், இருவர் செலுத்தும் கனூப் போட்டியில் இந்தியர் வெண்கலப் பதக்கம் வென்றனர்.

தண்டு வலித்தல் என்பது இவற்றினின்றும் வேறானது. 1867 இல் தொடங்கப்பெற்ற சென்னைப் படகுக் கழகத்தார் அடையாற்றில் பயில்வது அக்கலையே. தண்டு வலிப்போர் செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்வர். அவர்தம் தண்டு படகின் விளிம்பில் பொருத்தப்பட்டிருக்கும். துடுப்புப் போடுவோரோ முன்னோக்கி அமர்வர். துடுப்பு அவர் கையிலன்றி வேறெதிலும் பிணைக்கப்படுவதில்லை.

படகு செல்லும் முறையை அறிந்துகொள்வோம். துடுப்பு நீரைப் பின்னே தள்ளுகின்றது. நீர் படகை முன்னே தள்ளுகின்றது. வலப்புறத்தில் துடுப்பிட்டால் படகின் முன்பகுதியாகிய அணியம் இடப்புறம் திரும்பும். இடப்புறத்தில் இட்டால் வலப்புறம் திரும்பும். கயாக் ஓட்டுவோர் மாறி மாறி இருபுறமும் துடுப்பிடுவதால் நேரே செல்கின்றனர். கனூவில் பின்னே அமர்ந்தவர், ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் துடுப்பைச் சிறிது வெளிப்புறம் தள்ளித் திசையைச் சரிசெய்கின்றார். புதியவர் தோளாலும் கையாலும் மட்டுமே இழுத்து விரைவில் களைத்துப் போவர். தேர்ந்தவரோ இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி, அத்திருப்பத்தின் ஆற்றலைத் துடுப்பிற்கு ஊட்டுவர். எவ்வளவு தாழ அமர்கின்றோமோ அவ்வளவிற்குப் படகு நிலைபெறும். எழுந்து நின்றால் எடை மேலே ஏறுகின்றது, படகும் கவிழ்கின்றது.

நீரில் இறங்குவோர் மறவாமல் கொள்ள வேண்டிய விதிகள் சில உள. நீந்தத் தெரிந்தவராயினும் உயிர்காப்பு மிதவைச் சட்டையை அணிதல் வேண்டும். தனியே செல்லலாகாது. செல்லுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையில் உள்ளோர்க்குச் சொல்லிச் செல்லுதல் வேண்டும். நம் கடற்கரையில் கோடை நாள்களில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும். ஆதலின் காலையிலேயே ஓட்டி முடித்தல் நன்று. காற்று வீசுமாயின் முதலில் காற்றை எதிர்த்துச் சென்று, களைத்துத் திரும்பும்போது அதன் துணையோடு வருதல் அறிவுடைமை. படகு கவிழ்ந்துவிட்டால் அதனை விட்டு நீந்தலாகாது. மிதக்கும் படகைப் பற்றிக்கொள்ளுதல் வேண்டும். கழி கடலோடு கூடும் முகத்துவாரத்தில் ஓதத்தின் இழுப்பு மிகுதி. அப்பக்கம் பழகாதவர் செல்லவே கூடாது.

இவ்விதிகளைக் கோவளத்து மீனவர்க்கு எவரும் ஏட்டில் எழுதித் தந்ததில்லை. தலைமுறை தலைமுறையாகக் கட்டுமரத்தில் சென்று அவர்கள் கற்றவை இவை. எடை குறைந்த மரங்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கயிற்றால் கட்டுவதே கட்டுமரம். அதற்கு உட்குழிவு இல்லை, ஆதலின் அலை மேலே புரண்டாலும் நீர் தங்குவதில்லை, மூழ்குவதும் இல்லை. கரை சேர்ந்தபின் கட்டை அவிழ்த்து மரங்களை உலர்த்துவர். இச்சொல் ஆங்கிலத்தில் புகுந்து, இரட்டை உடல் கொண்ட படகிற்குப் பெயராகி உலகெங்கும் வழங்குகின்றது. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கண்ணாடியிழைப் படகுகள் பெருகக் கட்டுமரங்கள் அருகின. ஆயினும் மரத்தோடு கற்ற நீரறிவு அருகவில்லை.

பக்கிங்காம் கால்வாயின் கதையும் இங்கு நினைக்கத்தக்கது. 1806 இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய இக்கால்வாய், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்குமாறு 1877–78 இல், பெரும் பஞ்சத்தால் வாடியோர்க்கு வேலையளிக்கும் பொருட்டு வெட்டப்பட்டது. அக்காலத்து ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே அதற்கு அமைந்தது. தெற்கே மரக்காணம் வரை சென்ற அக்கால்வாயில் நெல்லும் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்றன. இன்று நகரத்துள் அது கழிவு சுமந்து நிற்கின்றது. பல இடங்களில் அதன் அகலமும் சுருங்கிவிட்டது. ஏரிகள் பலவற்றின் நிலையும் அதுவே. நீர் நடந்த வழியில் நாம் வீடு கட்டிக்கொண்டோம்.

நீர் தன் வழியை மறப்பதில்லை. 2015 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கிய பெருமழையில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. சென்னையில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 140 செ.மீ. ஆகும், அதில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் ஒரே நாளில் கொட்டியது. அடையாறு கரை கடந்தது. முடிச்சூரும் வரதராசபுரமும் நீருள் ஆழ்ந்தன. பேருந்து சென்ற தெருக்களில் பேருந்தும் செல்லவில்லை, காரும் செல்லவில்லை. படகுகளே சென்றன. படைவீரரும் மீட்புக் குழுவினரும் உழைத்தனர். அவர்களோடு கடற்கரை மீனவர்களும் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி வந்து, மாடிகளில் தவித்த முதியோரையும் குழந்தைகளையும் இறக்கிக் காத்தனர். நீரோட்டம் எங்கே இழுக்கும், எடையை எங்கே வைத்தால் படகு கவிழாது என்பவற்றை அறிந்த கைகள் அவை. அந்நாளில் துடுப்பறிவே உயிரறிவாயிற்று.

மாணவர்களே, படகு ஓட்டுதல் இனிய பொழுதுபோக்கு. உடலுக்கு உரம் தரும் பயிற்சி. அவற்றினும் மேலாக, அது நீரின் இயல்பை நமக்கு உணர்த்தும் கல்வி. வாய்ப்பு உள்ளோர் தக்க ஆசிரியரிடம் நீந்தவும் துடுப்புப் பிடிக்கவும் கற்றுக்கொள்க. வாய்ப்பு இல்லாதோரும் ஒன்று செய்யலாம். அடுத்த மழை நாளில் உங்கள் தெருவில் விழும் நீர் எத்திசையில் ஓடுகின்றது, எந்த ஏரியைத் தேடிச் செல்கின்றது, வழியில் எங்கே தடைபட்டு நிற்கின்றது என்று பாருங்கள். அவ்வழியை அறிந்து அதனை அடைக்காமல் காப்பவர்களும் வெள்ளத்தில் உயிர் காத்தவர்களோடு ஒருங்கு வைத்து எண்ணத் தக்கவர்களே.