பள்ளிப் பிள்ளைகளும் மன அமைதியும்



டில்லி அரசாங்கம் 2018 ஜூலையில் தன் பள்ளிகளில் எட்டாம் வகுப்புவரை 'மகிழ்ச்சிப் பாடம்' ஏற்படுத்தியது. மௌனமாய் அமர்ந்து மூச்சைக் கவனிப்பதும் அதில் ஒரு பயிற்சியாக இருந்தது. பிரிட்டனில் 85 பள்ளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மாத்திரம் இத்தகைய பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் வெளியான முடிவு யாதெனில், வழக்கமான போதனையைவிடப் பிள்ளைகளுக்கு அதிக பலன் காணவில்லை. வீட்டில் பழகியவர்கள் சொற்பம். ஆனால் பயிற்சி பெற்ற பள்ளிகளில் ஆசிரியர்களின் சோர்வு சில காலம் குறைந்தது.

நம் ஊர்க் கொடிக்காலை நோக்குங்கள். அகத்தி உறுதியாய் நின்றாலன்றோ வெற்றிலைக்கொடி பற்றி ஏறும்? ஆகையால் பிள்ளையை அதட்டுமுன், பெரியவர்களாகிய நாம் தினம் ஐந்து நிமிஷம் மௌனம் பழகுவோமாக. பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்துவோம், கட்டாயம் வேண்டாம். துயரம் நீடிக்கும் பிள்ளைக்கு மௌனம் மாத்திரம் போதாது. வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.