எந்தக் கால்சியம், எந்த வேளையில்?

மருந்துக்கடையில் ‘கால்சியம் மாத்திரை குடுங்கண்ணே’ என்று கேட்டு வாங்குகிறவர்களில் அட்டையைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. முன்பக்கம் பெரிய எழுத்தில் 500 என்று இருக்கும், அதுவே போதும் என்று பையில் போட்டுக்கொள்வார்கள். கவனிக்க வேண்டியதெல்லாம் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கிறது: எந்த உப்பு, அதில் அசல் கால்சியம் எவ்வளவு, சேர்த்திருப்பது எந்த வைட்டமின் டி. மாதவிடாய் நின்ற பெண்களும், தைராய்டு மாத்திரை போடுகிறவர்களும், வருஷக்கணக்காகக் கேஸ் மாத்திரை விழுங்குகிறவர்களும் அதைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

காரணம், இந்தச் சத்துகளை உடம்பு ஹார்மோன்களின் மூலம்தான் நிர்வகிக்கிறது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் சின்னஞ்சிறியதாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் கொஞ்சம் இறங்கினாலும் அவற்றின் ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும், சிறுநீரில் போவதை மறிக்கும், வைட்டமின் டியைக் கால்சிட்ரியாலாக மாற்றும்படி சிறுநீரகத்தை முடுக்கும். கால்சிட்ரியாலும் ஒரு ஹார்மோன்தான். சாப்பாட்டிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்ச அது வேண்டும். அதனால் ‘ரத்தத்தில் கால்சியம் நார்மல்’ என்ற ரிப்போர்ட்டை மட்டும் நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. எலும்பை அடகு வைத்து உடம்பு அந்த எண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். எலும்புத் தேய்மானத்துக்குக் கடிவாளம் போட்டுவந்த ஈஸ்ட்ரோஜன் மாதவிடாய் நின்றபின் இறங்கிவிடுவதால், முதல் சில வருஷங்களில் இழப்பு வேகமாக இருக்கும்.

சாப்பாடா, மாத்திரையா? முதலில் சாப்பாட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐசிஎம்ஆர் 2020 பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. பாலும் தயிருமாக 400 மில்லி சேர்ந்தால் ஏறக்குறைய 480. 50 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 175. ஒரு பிடி முருங்கைக்கீரைப் பொரியலில் 150. தோலோடு அரைத்த எள்ளுப்பொடி 10 கிராமில் 100க்குக் குறையாது. ஆக 900 வந்துவிட்டது. இப்படிச் சாப்பிடுகிறவருக்கு நாளுக்கு இரண்டு மாத்திரை எதற்கு? பால் ஒத்துக்கொள்ளாதவர்கள், காபிக்கு மட்டும் பால் சேர்க்கிறவர்கள், வயதாகிச் சாப்பாடு குறைந்தவர்கள் ஆகியோருக்குத்தான் மாத்திரை, அதுவும் குறைகிற அளவுக்கு மட்டும்.

கணக்கில் ஏமாற்றும் பொருளும் உண்டு. பாலக்கீரையில் கால்சியம் நிறைய என்பார்கள், ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் 5 சதவீதம் அளவுக்குத்தான் உடம்பில் சேரும். பாலில் சுமார் 30. கேழ்வரகில் ஃபைட்டேட் அதே வேலையைச் செய்கிறது. முளைகட்டினாலும், ராத்திரி கரைத்துப் புளிக்கவைத்துக் கூழாகக் காய்ச்சினாலும் அது குறையும். அசைவக்காரர்களுக்கு நெத்திலி இருக்கிறது, முள்ளோடு மென்று தின்ன வேண்டும். தயிரில் சுண்ணாம்பு கலந்து சாப்பிடச் சொல்லி வாட்ஸ்அப்பில் வருவதை விட்டுவிடலாம். அளவு தெரியாத காரத்தை வயிற்றுக்குள் அனுப்புகிற வேலை அது.

மாத்திரைதான் என்று முடிவானால் கார்பனேட்டா, சிட்ரேட்டா என்பது அடுத்த கேள்வி. கார்பனேட்டில் 40 சதவீதம் கால்சியம். 1250 மில்லிகிராம் மாத்திரையில் 500. விலையும் குறைவு. ஆனால் அது கரைய வயிற்று அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு போட வேண்டும்; சிலருக்கு வயிறு உப்பும், மலம் கட்டும். சிட்ரேட்டில் 21 சதவீதம்தான், மாத்திரையும் பெரிதாக இருக்கும். ஆனால் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்க வேண்டியதில்லை. அமிலத்தைக் குறைக்கும் பான்டபிரசோல் போன்ற கேஸ் மாத்திரையைத் தினமும் போடுகிறவர்களுக்கு நான் சிட்ரேட்டையே சொல்வேன். மற்றவர்களுக்குக் கார்பனேட் தாராளமாகப் போதும். சிப்பிக் கால்சியம், பவளக் கால்சியம் என்று மூன்று மடங்கு விலையில் விற்பதும் கார்பனேட்தான். ஒரு வேளைக்கு 500ஐத் தாண்ட வேண்டாம், தாண்டினால் உறிஞ்சும் விகிதம் இறங்கிவிடும்.

பின்பக்கத்தில் ‘கால்சிட்ரியால் 0.25 மைக்ரோகிராம்’ என்று இருந்தால் டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள். அது முழுதாகத் தயாரான ஹார்மோன். சிறுநீரகம் அதைத் தயாரிக்க முடியாதவர்களுக்கும், பாராதைராய்டு வேலை செய்யாதவர்களுக்குமானது. எல்லோரும் போட்டால் கால்சியம் எகிறலாம். மற்றவர்களுக்குக் கோலிகால்சிஃபெரால், அதாவது டி3, போதும்.

டி3யிலும் தினசரியா, வாரமொருமுறையா என்ற கேள்வி உண்டு. ரத்தத்தில் மிகக் குறைவாக இருந்தால் வாரம் ஒன்று வீதம் 60,000 யூனிட் சாஷே, எட்டு வாரம் என்று எழுதிக்கொடுப்பது இங்கே வழக்கம். வாரத்துக்கு ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டவர்கள் வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல் என்று ஆரம்பித்துச் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார்கள். அதனால் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் காலண்டரில் கிழமையை வட்டமிட்டு வையுங்கள். பராமரிப்புக்குத் தினசரிச் சின்ன அளவே என் தேர்வு. ஆஸ்திரேலியாவில் மூதாட்டிகளுக்கு வருஷத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்து, 2010இல் முடிவு வெளியான ஆய்வில் விழுவதும் எலும்பு முறிவதும் கூடியிருந்தன. குறை எதுவும் இல்லாதவர்களுக்குத் தினசரி மாத்திரையாலும் பெரிய லாபமில்லை: 25,000க்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் கலந்துகொண்ட வைட்டல் ஆய்வில் தினம் 2000 யூனிட் எடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை.

மாத்திரையில்லாமல் டி பெற வெயில் உண்டு, அதற்குக் காசில்லை. ஆனால் இளவெயிலில் நடப்பது இதற்கு உதவாது. தோலில் டி உருவாக்கும் புற ஊதா-பி கதிர் உச்சி வெயிலில்தான் நன்றாக இறங்கும். கண்ணாடி ஜன்னலைத் தாண்டி அது வராது. கருத்த தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும்.

கால்சியத்தோடும் டியோடும் சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு சத்து மக்னீசியம். அது குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோனே சரியாகச் சுரக்காது. டியை மாற்றும் நொதிகளுக்கும் மக்னீசியம் தேவை. கால்சியம் எவ்வளவு ஏற்றியும் ஏறாதவருக்கு மக்னீசியம் கொடுத்ததும் ஏறுவதை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் கால் பிடித்து இழுக்கிறது என்றதுமே இதை வாங்கிப் போடுவதற்குச் சான்று பலமாக இல்லை. நீண்டகாலக் கேஸ் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, தீராத வயிற்றுப்போக்கு, மதுப்பழக்கம் இருந்தால் சந்தேகப்படலாம். மக்னீசியம் ஆக்சைடு மலிவு, உறிஞ்சுவது குறைவு, வயிறும் போகும். மலச்சிக்கல்காரருக்கு அதுவே சௌகரியம்! வயிறு தாங்காதவர்களுக்குக் கிளைசினேட். சிறுநீரகக் கோளாறு இருந்தால் எதுவும் வேண்டாம். வேர்க்கடலை, எள், கம்பு, பூசணி விதையில் இது இயல்பாகவே உண்டு.

பாஸ்பரஸைக் கடையில் தேட வேண்டியதே இல்லை. பருப்பு, பால், மீன், தானியம் எல்லாவற்றிலும் இருக்கிறது. கோலாவிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்க்கும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுதாக உடம்பில் இறங்கும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது வெளியேறாமல் தேங்கிப் பாராதைராய்டை ஓயாமல் தூண்டும். நேரெதிராக, ரத்தசோகைக்கு ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் ஊசி ஏற்றிக்கொண்ட சிலருக்கு, எலும்பில் சுரக்கும் எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோன் கூடி, பாஸ்பரஸ் சிறுநீரில் போய்விடுகிறது. ஊசிக்குப் பிறகும் சோர்வும் எலும்பு வலியும் நீடித்தால் இரும்பை மட்டும் பார்க்காமல் பாஸ்பரஸையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ரத்தக் கால்சியம் ஏற்கெனவே கூடுதலாக இருக்கிறவர், சிறுநீரகக் கல் வந்தவர் இருவரும் டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் தொடங்கக் கூடாது. கூடுதலாக உள்ளவருக்குப் பாராதைராய்டு ஹார்மோன் பரிசோதனையும் தேவைப்படும்.

கடைசியாக வேளை. தைராய்டு மாத்திரை விடியற்காலையில் வெறும் வயிற்றில்; அதற்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இரும்புக்கும் அப்படியே. இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று கெடுக்கும், சேர்த்துப் போடாதீர்கள். தைராய்டு காலை ஐந்தரைக்கு, இரும்பு பதினொரு மணிக்கு, கால்சியம் ராத்திரிச் சாப்பாட்டோடு என்று வைத்துக்கொண்டால் மூன்றும் மோதாது. டி3யை மதியம் எண்ணெயோ நெய்யோ உள்ள சாப்பாட்டோடு போடலாம்.