ஒரே பெயரில் எழுபது ஃபைல் ஓடுகிறதே!

கேள்வி: நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், பிரின்ட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். விண்டோஸ் 11, 8 ஜிபி ராம். இரண்டு வாரமாக ஃபேன் சத்தம் கூடியிருக்கிறது. எதைத் திறந்தாலும் தாமதம். அக்கா மகன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தான். ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்ற பெயரிலேயே எழுபதுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தன. “வைரஸ்தான் சித்தி, இத்தனையாகப் பெருகிவிட்டது” என்று அந்த ஃபைலை டெலிட் செய்யப் போனான். ‘டிரஸ்டட்இன்ஸ்டாலரிடம் அனுமதி பெற வேண்டும்’ என்று வந்தது. யார் அது? என் கம்ப்யூட்டருக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா? வாடிக்கையாளர்களின் ஆதார், பான் கார்டு நகல்கள் இதில்தான் இருக்கின்றன. பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: டிரஸ்டட்இன்ஸ்டாலர் வெளியாள் அல்ல, விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் காவல். சிஸ்டம் ஃபைல்களின் உரிமை அதன் பெயரில்தான் இருக்கும். அட்மின் கணக்கில் நுழைந்தவர்கூட அவற்றை நேரடியாக அழித்துவிட முடியாது. அன்று உங்கள் கடையைக் காப்பாற்றியது அந்தத் தடைதான். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி ஆன்டிவைரஸின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த அசல் எஸ்விசிஹோஸ்ட்டையே வைரஸ் என்று தவறாகக் கருதி அகற்றியது. பல நாடுகளில் கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க் இழந்து, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. சந்தேகம் வந்தவுடன் கை டெலிட்டுக்குப் போகக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

எழுபது ஏன்? வைஃபை, ஆடியோ, ஃபயர்வால், விண்டோஸ் அப்டேட் போன்ற பல சர்வீஸ்கள் தாமாக ஓட முடியாதவை. அவற்றைச் சுமந்து ஓடும் வண்டிதான் எஸ்விசிஹோஸ்ட். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இருக்கிறது. முன்பெல்லாம் ஒரே வண்டியில் பல சர்வீஸ்கள் ஏறிக்கொள்ளும். 2017-இல் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு அப்டேட்டிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ராம் உள்ள கம்ப்யூட்டர்களில் பெரும்பாலான சர்வீஸ்களுக்குத் தனித்தனி வண்டி. உங்களுடையது 8 ஜிபி. எழுபது என்பது அங்கே இயல்பான எண்ணிக்கை.

ஆனாலும் உங்கள் சந்தேகம் நியாயமானது. இந்தப் பெயரில் ஒளிந்துகொள்ளும் வைரஸ்கள் நிஜமாகவே உண்டு. ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள்: எஸ், வி, சி, எச், ஓ, எஸ், டி. வியும் சியும் இடம் மாறியிருக்கலாம்; ஓ இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருக்கலாம்; கடைசியில் ஓர் எஸ் ஒட்டியிருக்கலாம். மரமும் மறமும் போல, ஓட்டமாகப் படிக்கும் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது.

எழுத்து சரியாக இருந்தால் இருப்பிடத்தைப் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் ‘டீடெய்ல்ஸ்’ பகுதிக்குப் போங்கள். சந்தேகப்படும் வரியில் ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘சிஸ்டம்32’ திறந்தால் அது அசலின் வீடு. பக்கத்திலேயே ‘சிஸ்வாவ்64’ என்ற ஃபோல்டரில் இன்னொரு பிரதி இருக்கும்; அதுவும் முறையானதே. டெம்ப், டவுன்லோட்ஸ், ஆப்டேட்டா என்று வேறெங்காவது கொண்டுபோய் விட்டால் அது போலிதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து கையெழுத்து. அந்த ஃபைலின் ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்து ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ பகுதியில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் பப்ளிஷர் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ‘டீடெய்ல்ஸ்’ பொத்தானை அழுத்தினால் அந்தக் கையெழுத்து செல்லும் என்றும் சொல்ல வேண்டும். நோட்பேட் போன்ற சில நல்ல ஃபைல்களில் இந்தப் பகுதியே இருக்காது. அவற்றின் கையெழுத்தை விண்டோஸ் தனிப் பட்டியலில் வைத்திருக்கும், பதற வேண்டாம்.

உங்கள் யூசர் பெயரில் எஸ்விசிஹோஸ்ட் ஓடினால் வைரஸ் என்று ஒரு பழைய அறிவுரை இன்னும் சுற்றுகிறது. விண்டோஸ் 10 வந்த பிறகு அது செல்லாது. அசலே அப்படிச் சில ஓடும்.

இன்னும் மனம் ஆறவில்லையா? வைரஸ்டோட்டல் தளத்தில் அந்த ஃபைலை ஏற்றுங்கள். 2004-இல் ஸ்பெயினில் தொடங்கி, 2012 முதல் கூகுளிடம் இருக்கும் இலவசச் சேவை அது; பல ஆன்டிவைரஸ்களின் தீர்ப்பை ஒரே பக்கத்தில் காட்டும். கேள்விப்படாத ஒன்றிரண்டு மட்டும் சிவப்புக் காட்டினால் தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். பாதிக்கு மேல் காட்டினால் சந்தேகமே வேண்டாம். ஆனால் வாடிக்கையாளரின் ஆவணம் எதையும் அங்கே ஏற்றிவிடாதீர்கள். ஏற்றிய ஃபைல் மற்ற பாதுகாப்பு நிறுவனங்களின் கைக்கும் போகும்.

உங்கள் தொழிலில் எனக்கு அதிகக் கவலை பென்டிரைவ் மேல்தான். ஒரு டிடிபி கடையில் வாடிக்கையாளர் கொடுத்த பென்டிரைவைத் திறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ‘நியூ ஃபோல்டர்’ என்ற பெயர், மஞ்சள் ஃபோல்டர் படம். கடைக்காரர் இரட்டை கிளிக் செய்யப் போனார். ‘டைப்’ என்ற கட்டத்தில் மட்டும் ‘ஃபைல் ஃபோல்டர்’ என்பதற்குப் பதிலாக ‘அப்ளிகேஷன்’ என்று இருந்தது. ஃபோல்டர் வேஷம் போட்ட வைரஸ். எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’, ‘ஷோ’ வழியாக ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ஸை இன்றே டிக் செய்துவிடுங்கள், இந்த வேஷம் அங்கேயே கலைந்துவிடும்.

2008-இல் வந்த கான்ஃபிக்கர் புழுவும் பென்டிரைவ் வழியாகப் பரவியதுதான். அது அசல் எஸ்விசிஹோஸ்ட்டுக்குள்ளேயே ஒரு சர்வீஸாக ஏறி உட்கார்ந்தது. வண்டி அசல், பயணி திருடன். ஆகவே இருப்பிடமும் கையெழுத்தும் சரியாக இருந்தாலும் ஒருமுறை ஆஃப்லைன் ஸ்கேன் செய்துவிடுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ போனால் கடைசியில் இருக்கும். திறந்திருக்கும் வேலைகளை முதலில் சேவ் செய்யுங்கள். ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாகக் கிளம்பும் முன்பே தேடும். கால் மணி நேரம் ஆகும். போலி கிடைத்தால் நெட்டைத் துண்டியுங்கள், அகற்றும் வேலையை ஸ்கேனிடம் விடுங்கள், பாஸ்வேர்டுகளை உங்கள் போனிலிருந்து மாற்றுங்கள்.

ஃபேன் சத்தத்துக்கு வருவோம். ‘டீடெய்ல்ஸ்’ பகுதியில் ‘சிபியு’ தலைப்பைக் கிளிக் செய்தால் அதிகம் உழைப்பது மேலே வரும். அதில் ரைட் கிளிக் செய்து ‘கோ டு சர்வீசஸ்’ கொடுங்கள். விண்டோஸ் அப்டேட் சர்வீஸ் என்று காட்டினால், கடை மூடிய பிறகு ஓர் இரவு கம்ப்யூட்டரை ஓடவிட்டு அப்டேட்டை முடிய விடுங்கள். அதன் பிறகும் சத்தம் குறையாவிட்டால் கேபினெட்டைத் திறந்து தூசி தட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் கடையில் காகிதத் தூசியும் டோனர் பொடியும் ஃபேனில் அப்பிக்கொள்ளும்.

ஆதார் நகல்களை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பிரின்ட் எடுத்துக் கொடுத்ததும், அவர் கடையை விட்டு இறங்கும் முன்பே அந்த ஃபைலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிடுங்கள்.