சபாவைச் சுருக்கினால் சின்னக் கச்சேரி ஆகாது

புனேயின் கிழக்கே ஹடப்சரில் இருக்கிறது மகர்பட்டா சிட்டி. நூற்றுக்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள், ஏறத்தாழ 400 ஏக்கர் நிலத்தை விற்றுவிட்டுப் போகாமல் ஒன்றாகச் சேர்த்து, தாங்களே பங்குதாரர்களாகி 2000-ஐ ஒட்டிக் கட்டத் தொடங்கிய நகரம் இது. ஐ.டி. வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் நிறைய. எங்களில் சங்கீதப் பைத்தியம் பிடித்த சிலர் சேர்ந்து ஒரு சிறு குழுவாக, வீட்டுக் கூடத்திலும் குடியிருப்பின் கிளப் ஹவுஸ் அறையிலும் கச்சேரிகள் நடத்திவருகிறோம். ஐம்பது பேருக்கு மேல் போனால் அறை தாங்காது. அதில் நான் கற்றுக்கொண்டதை, இதே ஆசை உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

அடிப்படையான விஷயம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடை, மைக், பேனர், பொன்னாடை, சிறப்பு விருந்தினர் உரை என்று சபாவில் உள்ளதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து வைத்தால் அது சின்னக் கச்சேரி ஆகிவிடாது. சின்னக் கச்சேரிக்குத் தனி வழக்கம் உண்டு. அது நம்மிடம் பழைய வழக்கமும்கூட. சென்னை ஜார்ஜ் டவுனில், ராமகிருஷ்ண செட்டித் தெரு வீட்டில், வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். கேட்க வந்தவர்களில் பெரிய வித்வான்களும் உண்டு. அந்த மெல்லிய நாதத்துக்காக எல்லோரும் மூச்சடக்கி உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்வார்கள். மராட்டியர்கள் இந்த வகைக் கச்சேரியை ‘பைட்டக்’ என்பார்கள். வெள்ளை விரிப்பு, சாய்ந்துகொள்ளத் திண்டு, தம்புரா, பாடகருக்குக் கையெட்டும் தூரத்தில் ரசிகர்கள். அவ்வளவுதான் ஏற்பாடு.

மைக் வேண்டாம்

ஐம்பது பேர் உள்ள அறைக்கு ஒலிபெருக்கி தேவையே இல்லை. பாலக்காடு மணி ஐயர் தம் பிற்காலத்தில் மைக் இல்லாத கச்சேரிக்காகவே வாதாடியவர். அவர் எதற்காக அப்படிப் பிடிவாதமாக இருந்தார் என்பது சின்ன அறையில் உட்கார்ந்தால் புரிந்துவிடும். பாடகர் கமகத்தின் முடிவில் குரலை இழையாக இறக்கும்போது அந்த இழை அப்படியே காதுக்கு வந்து சேர்கிறது. வயலின் வில் தந்தியில் பதியும் அழுத்தம்கூடக் கேட்கிறது.

மைக் இல்லையென்றால் அறைதான் கருவி. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். அறைச் சுவர்கள் ஓரளவு ஈடுகட்டினாலும், பின்னால் போகப்போகச் சொற்கள் மங்கும். ஆகவே நீளமான அறையில் குறுகிய சுவரை ஒட்டிப் பாடகரை உட்கார வைக்காதீர்கள். நீண்ட சுவரின் நடுவில் உட்கார வைத்து, ரசிகர்கள் அரைவட்டமாக நான்கு வரிசைக்குள் அடங்கும்படி பாருங்கள்.

அறை பொருந்துமா என்று தெரிந்துகொள்ள, காலி அறையில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். சத்தம் தங்கித் தங்கி ஒலித்தால் டைல்ஸும் கண்ணாடியும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். தரை முழுக்க ஜமக்காளம் விரியுங்கள், திரைச்சீலைகளை இழுத்துவிடுங்கள். ஆட்கள் நிறைந்ததும் மீதி எதிரொலியும் அடங்கிவிடும்.

வாத்தியங்களுக்கு நேரம் கொடுங்கள்

புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். காற்றில் ஈரம் ஏறினால் மிருதங்கத்தின் தோல் தளரும், ஏ.சி. போட்டால் காய்ந்து இறுகும். சரியாகக் கச்சேரி தொடங்கும் நேரத்தில் ஏ.சி.யைப் போடுவதும், நடுவில் குளிர்கிறது என்று அணைப்பதும் மிருதங்கக்காரருக்குச் செய்யும் கொடுமை. ஒரு மணி நேரம் முன்பே அறையைக் குளிரவைத்து, அதற்குள் வாத்தியங்களைக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையான மாலைகளில் ஏ.சி.யும் வேண்டாம், ஃபேனும் வேண்டாம். மைக் இல்லாத கச்சேரிக்கு இந்த ஊரில் அதைவிட நல்ல பருவம் கிடையாது.

ரசிகர்களைக் கால் மணி நேரம் முன்னதாக வரச் சொல்லுங்கள். மிருதங்க வித்வான் ரவையைத் தண்ணீரில் பிசைந்து மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் நடுவில் அப்புவதையும், கல்லையும் மரக்கட்டையையும் வைத்து வலப்பக்கமான வலந்தலையின் விளிம்பைச் சுற்றிலும் தட்டித் தட்டி ஸ்ருதி சேர்ப்பதையும் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் நாதம் ஒரு நூலளவு ஏறுவதை அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள். ஸ்ருதி என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்க என்னால் முடியாது.

யார் எங்கே உட்காருவது

மிருதங்கத்தின் வலந்தலை பொதுவாகச் சபையைப் பார்த்திருக்கும். மிருதங்கம் மட்டும் வாசிக்கப்படும் தனி ஆவர்த்தனத்தின்போது அந்தப் பக்கத்து முன்வரிசையில் சத்தம் பலமாக விழும். கைக்குழந்தையோடு வருபவர்களையும், காதில் கருவி வைத்திருக்கும் பெரியவர்களையும் வயலின் பக்கமாக உட்கார வையுங்கள். தரையில் உட்கார முடியாதவர்களுக்குப் பின்வரிசையில் நாற்காலி போடுங்கள். வாசலுக்கு அருகில் இரண்டு இடங்களைக் காலியாக விட்டால், தாமதமாக வருபவர் யாரையும் தாண்டிக்கொண்டு போக வேண்டியதில்லை.

சபாவில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகும் பழக்கம் பலருக்கு உண்டு. இங்கே எழுந்தால் வாசிப்பவரின் கண்ணெதிரே எழ வேண்டும். அதனால் காபியைக் கச்சேரிக்கு முன்னும் பின்னும் வைத்துவிட்டு, நடுவில் சமையலறைக் கதவை மூடிவிடுங்கள்.

இரண்டரை மணி நேரம் போதும்

ஞாயிறு மாலை ஐந்தரைக்குத் தொடங்கினால் எட்டுக்குள் முடித்துவிடலாம். மறுநாள் அலுவலகம், பள்ளிக்கூடம். சட்டப்படி இரவு 10 மணிக்கு மேல்தான் ஒலிபெருக்கிக்குத் தடை என்றாலும், மேல்மாடியில் இருப்பவருக்கும் நம் கச்சேரியால் தொந்தரவு இருக்கக் கூடாது. முதல் நாளே அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லி, அப்படியே அவர்களையும் அழைத்துவிடுங்கள். எங்கள் நிரந்தர ரசிகர்களில் சிலர் அப்படி வந்தவர்கள்தான்.

கலைஞரிடம் நேரத்தை மட்டும் சொல்லுங்கள். பாட்டுப் பட்டியலில் கை வைக்காதீர்கள். பெரிய அரங்கில் பாட யோசிக்கும் அபூர்வ ராகத்தையோ மெதுவான சௌக்க காலக் கிருதியையோ சின்ன அறையில் அவர்கள் துணிந்து எடுப்பார்கள். அதற்காகத்தானே இத்தனை பாடும்.

மராட்டிய நண்பர்களை அழையுங்கள்

டிசம்பரில் சென்னை மார்கழி சீசனில் இருக்கும்போது, புனே சவாய் கந்தர்வ பீம்சேன் மகோத்சவத்தில் இருக்கும். பீம்சேன் ஜோஷி தம் குரு சவாய் கந்தர்வரின் நினைவாக 1953-இல் தொடங்கிய விழா அது. ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து கேட்கும் இந்த ஊரில், காது பழகிய ரசிகர்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார்கள். கர்நாடக சங்கீதம் தங்களுக்கு அந்நியம் என்று அவர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்க இரண்டு நிமிட அறிமுகம் போதும்.

நான் வழக்கமாகச் சொல்வது இதுதான். சவாய் கந்தர்வரின் குரு அப்துல் கரீம் கான் தியாகராஜர் கிருதியை இசைத்தட்டில் பாடியவர். 1937-இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில், சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் அவர் உயிர் பிரிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சைக்கு வந்த மராட்டியக் கீர்த்தனக்காரர் ராமச்சந்திர புவாவின் கீர்த்தனத்தைக் கேட்டுத்தான் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் நம் ஹரிகதைக்குப் புது உருவம் கொடுத்தார். இதைச் சொன்னதும் அறையில் இருக்கும் இரண்டு பக்கத்தாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். மராட்டிய பக்திக் கவிகளான ஞானேஸ்வர், துக்காராம் ஆகியோரின் பல்லக்குகள் இரண்டும் ஆண்டுதோறும் ஹடப்சர் வழியாகத்தான் பண்டரிபுரம் போகின்றன. அதனால் கச்சேரியின் கடைசியில் பாடகர் அவர்களுடைய பக்திப் பாடலான அபங்கம் ஒன்றை எடுத்தால், அதுவரை மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்த மராட்டியப் பாட்டிகள் வாய்விட்டுச் சேர்ந்து பாடுவார்கள்.

நாள் குறிப்பதிலும் இரு வழக்கங்களையும் பாருங்கள். நவராத்திரி கொலுவில் நம் பிள்ளைகள் பாடலாம். அது முடிந்து வரும் கோஜாகிரி பௌர்ணமியில் மசாலா பாலோடு கச்சேரி கேட்பது இங்குள்ள வழக்கம்.

சன்மானம்

கச்சேரிக்கு டிக்கெட் போடாமல் ஆண்டுச் சந்தா வாங்குவதே நல்லது. வந்தாலும் வராவிட்டாலும் சந்தா வந்துவிடுவதால், கலைஞருக்குத் தருவதாகச் சொன்ன தொகை கூட்டத்தை நம்பி இருக்காது. பாடகருக்கு எவ்வளவு, வயலினுக்கு எவ்வளவு, மிருதங்கத்துக்கு எவ்வளவு என்று தேதி முடிவாகும்போதே ஒவ்வொருவரிடமும் நேரடியாகப் பேசிவிடுங்கள். கச்சேரி அன்று இரவு சாப்பிட உட்காரும் முன்பே கவர் அவரவர் கைக்குப் போய்விட வேண்டும். ‘சின்னக் கச்சேரிதானே’ என்று சன்மானத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். கேட்பவர் எண்ணிக்கை குறைவு என்பதற்காக வித்வானின் சாதகம் குறைவதில்லை.

மும்பையிலிருந்து வருபவர்களுக்குத் தங்கும் இடமும் உங்கள் பொறுப்பு. டெக்கான் குயின் மும்பையில் மாலை கிளம்பி இரவுதான் புனே சேரும். மறுநாள் காலையில் திரும்பும். சனிக்கிழமை இரவு வந்து திங்கள் காலை போகிறவருக்குத்தான் அது சரிப்படும். குழுவில் யாராவது ஒருவர் வீட்டில் ஓர் அறையும், பாடும் முன் குடிக்க வெந்நீரும், பாடி முடித்ததும் சூடாக இட்லியும் இருந்தால் கலைஞர்கள் மறுபடி வரத் தயங்க மாட்டார்கள்.

தொடங்க நினைக்கிறவர்கள் அரங்கம் தேடி அலைய வேண்டாம். ஒரு ஞாயிறைக் குறியுங்கள். ஒரு கலைஞரிடம் பேசுங்கள். கேட்கத் தெரிந்த, அல்லது கேட்க ஆசை உள்ள முப்பது பேரை அழையுங்கள். ஒலிபெருக்கி வாடகைக்கென்று எடுத்து வைத்த பணத்தை மிருதங்கக்காரரின் கவரில் சேர்த்துவிடுங்கள்.