ஆனைக்கும் அடி சறுக்கும்: பிரெஞ்சு டென்னிஸ் களத்தில் எதிர்பாராத முடிவுகள்

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

முன்னுரை

"ஆனைக்கும் அடி சறுக்கும்" என்பது நம் முன்னோர் வாக்கு. எவ்வளவு பெரியவரும் ஒரு நாள் தவறக்கூடும் என்பது இதன் பொருள். ஆண்டுதோறும் மே மாத இறுதியில் பாரிஸ் நகரில் தொடங்கும் பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் போட்டியின் முடிவுகளைப் படிக்கும்போதெல்லாம் இப்பழமொழி என் நினைவுக்கு வரும். "முன்னணி வீரர் அதிர்ச்சித் தோல்வி" என்ற தலைப்பு அந்த இரண்டு வாரங்களில் விளையாட்டுப் பக்கத்தில் எப்படியும் ஓரிரு முறை வந்துவிடுகிறது.

நான் டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டவன் அல்லன். எங்கள் ஊரில் அதற்குக் களமும் இல்லை. விடுதிக்கு வரும் நாளிதழில் முடிவுகளைப் படித்துக் கணக்குக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எழுதி வைப்பது மட்டுமே என் பழக்கம். அப்படி எழுதி வரும்போது ஒரு கேள்வி எழுந்தது. இம்முடிவுகள் உண்மையிலேயே அதிர்ச்சிக்கு உரியவைதாமா? அல்லது எதிர்பார்க்கத் தெரியாத நம் குறையைத்தான் அதிர்ச்சி என்கிறோமா? நான் படிக்கும் இயற்பியலையும், துணைப்பாடமாகப் படிக்கும் கணிதத்தையும் கொண்டு இதற்கு விடை தேட முயன்றதே இக்கட்டுரை.

களத்தின் அமைப்பு

போட்டி நடைபெறும் அரங்கின் பெயர் ரோலாண் கேரோஸ். 1913ஆம் ஆண்டு மத்தியதரைக் கடலை விமானத்தில் கடந்து, 1918இல் போரில் உயிர் நீத்த பிரெஞ்சு விமானியின் பெயர் அது. டேவிஸ் கோப்பைப் போட்டிக்காக 1928இல் இவ்வரங்கு கட்டப்பட்டது. நம் சென்னையைச் சேர்ந்த ரமேஷ் கிருஷ்ணன் 1979இல் இளையோர் பட்டத்தை வென்றது இந்தப் போட்டியில்தான்.

இதனைக் களிமண் களம் என்று எல்லோரும் அழைக்கின்றனர். உண்மையில் மேலே தெரியும் சிவப்பு நிறம் செங்கல் தூளே. அதன் கனம் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே ஆறேழு சென்டிமீட்டர் சுண்ணாம்புக்கல் பொடி, அதன் கீழ் எரிந்த நிலக்கரிக் கசடு, அடியில் சரளைக்கல் என்று அடுக்கடுக்காக அமைந்துள்ளது. 1880ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சின் கான் நகரில், வெயிலில் காய்ந்த புல்தரையைக் காக்கச் சுட்ட மண்பாண்டத் தூளைப் பரப்பியதே இதன் தொடக்கம் என்று சொல்வர்.

என் தந்தையார் கொத்தனார் வேலை செய்பவர். விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது இந்த அடுக்குகளைப் பற்றி அவரிடம் சொன்னேன். டென்னிஸ் என்ற பெயரையே அன்றுதான் அவர் கேட்டார். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "தூள் மேலாகத்தானே கிடக்கு? அடியில சுண்ணாம்பு இறுகிடும். தண்ணி காட்டிக்கிட்டே இருக்கணும்டா. காஞ்சா பறந்துடும், அதிகமானா சேறாயிடும்" என்றார். பழைய வீடுகளின் மொட்டை மாடிக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போட்ட அனுபவம் அவரைப் பேச வைத்தது. பாரிஸ் களத்துக்கும் நாள்தோறும் நீர் தெளிக்கின்றனர் என்பதை நான் பின்னரே படித்தேன்.

பந்து ஏன் மெதுவாகிறது?

தரையில் படும் பந்தின் திசைவேகத்தைக் கிடைக்கூறு, செங்குத்துக்கூறு என இரண்டாகப் பிரிக்கலாம். பந்து தரையில் வழுக்கிச் செல்லும் நேரத்தில் கிடைக்கூறு எவ்வளவு குறையும் என்பது இரண்டு அளவுகளின் பெருக்கல் பலன். ஒன்று, உராய்வுக் குணகம். மற்றொன்று, செங்குத்துக்கூறில் ஏற்படும் மொத்த மாற்றம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பந்து வினாடிக்கு 30 மீட்டர் கிடை வேகத்துடனும், 8 மீட்டர் செங்குத்து வேகத்துடனும் தரையைத் தொடுகிறது. மீட்சிக் குணகம் 0.8 என்றால் மேலெழும் வேகம் 6.4 மீட்டர். ஆகவே மொத்த மாற்றம் 14.4 மீட்டர். உராய்வுக் குணகம் 0.6 உள்ள தரையில் கிடை வேகம் ஏறத்தாழ 8.6 மீட்டர் குறைந்து 21.4 ஆகும். அதுவே 0.8 உள்ள தரையில் 11.5 மீட்டர் குறைந்து 18.5 ஆகிவிடும். புல்தரைக்கும் செங்கல் தூள் தரைக்கும் உள்ள வேறுபாடு இத்தகையதே. அத்துடன் தூள் தரையில் பந்து உயரமாகவும் எழும்புகிறது.

இதன் விளைவுகள் பல. வேகமான சர்வீசின் வலிமை குன்றுகிறது. எதிராளிக்குப் பந்தை எட்டிப் பிடிக்க நேரம் கிடைக்கிறது. ஒரு புள்ளிக்கே இருபது முறை பந்து வலையைத் தாண்ட நேரிடுகிறது. கால்வலிமையும் பொறுமையும் இல்லாதவர் இங்கே நிலைக்க முடியாது. இங்கு சறுக்குவதே ஒரு கலை! சறுக்கிச் சென்று பந்தை அடிக்கத் தெரியாத ஆனைதான் இக்களத்தில் விழுகிறது.

இதற்குச் சிறந்த சான்று அமெரிக்காவின் பீட் சாம்ப்ராஸ். பதினான்கு கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் பெற்ற அவர், பாரிசில் ஒரு முறைகூட வெல்லவில்லை. 1996இல் அரையிறுதியை எட்டியதே அவருடைய உயர்ந்த அளவு. உலகத் தரவரிசை என்பது ஒரே ஏணி. தரைகளோ பலவகை. வேறு தரைகளில் ஈட்டிய புள்ளிகளால் ஏணியில் ஏறியவர் இத்தரையில் தோற்றால், அதனை அதிர்ச்சி என்பது எவ்வாறு பொருந்தும்?

மறக்க முடியாத முடிவுகள்

1982இல் சுவீடன் நாட்டின் மாட்ஸ் விலாண்டர் பதினேழு வயது இளைஞர். தரவரிசைச் சிறப்பிடம் எதுவும் பெறாமல் வந்தவர். நான்காம் சுற்றில் இவான் லெண்டிலை வென்றார். அரையிறுதியில் ஹோஸே லூயிஸ் கிளெர்க்குடன் ஆடும்போது, எதிராளியின் பந்து வெளியே சென்றதாக நடுவர் அறிவித்து ஆட்டத்தை இவருக்கே வழங்கினார். பந்து உள்ளேதான் விழுந்தது என்று கருதிய விலாண்டர் அந்தப் புள்ளியை மீண்டும் ஆடக் கேட்டுக்கொண்டார், ஆடினார், வென்றார். பின் இறுதியாட்டத்தில் கில்லர்மோ விலாசையும் வென்று பட்டம் பெற்றார்.

1989இல் அமெரிக்காவின் மைக்கேல் சாங்குக்கும் வயது பதினேழுதான். நான்காம் சுற்றில் உலகின் முதல்நிலை வீரர் லெண்டிலிடம் முதல் இரண்டு செட்டுகளை 4-6, 4-6 என்று இழந்தார். அடுத்த இரண்டையும் மீட்டார். ஐந்தாம் செட்டில் கால் தசைகள் பிடித்துக்கொண்டன. நிற்பதே கடினமான நிலையில், சிறுவர் ஆடுவது போலக் கையைத் தாழ்த்திக் கீழிருந்து ஒரு சர்வீஸ் போட்டார். லெண்டில் திகைத்தார். அப்புள்ளி சாங்குக்கே கிடைத்தது. நான்கரை மணி நேரத்துக்கு மேல் நீடித்த அவ்வாட்டத்தை வென்ற சாங், இறுதியில் ஸ்டீபன் எட்பர்க்கை வீழ்த்தினார்.

1997இல் பிரேசிலின் குஸ்டாவோ குயர்டன் தரவரிசையில் 66ஆம் இடத்தில் இருந்தார். மஸ்டர், காஃபெல்னிகோவ், புருகுவேரா ஆகிய மூன்று முன்னாள் வெற்றியாளர்களை ஒரே போட்டியில் வென்று பட்டம் பெற்றார். 2004இல் அர்ஜென்டினாவின் கேஸ்டன் கௌடியோ, தம் நாட்டவரான கில்லர்மோ கோரியாவிடம் இறுதியாட்டத்தில் 0-6, 3-6 என்று பின்தங்கி, தோல்விக்கு ஒரே புள்ளி என்ற நிலையை இரு முறை கடந்து, ஐந்தாம் செட்டை 8-6 என வென்றார்.

இவை யாவற்றையும் விடப் பெரியது 2009 மே 31 அன்று நிகழ்ந்தது. ஸ்பெயினின் ரஃபேல் நடால் 2005 முதல் அக்களத்தில் ஆடிய 31 ஆட்டங்களிலும் வென்றிருந்தார். எதிராளி சுவீடனின் ராபின் சோடர்லிங். சில வாரங்களுக்கு முன்பு ரோம் நகரில் இவரை நடால் 6-1, 6-0 என்று எளிதாக வென்றிருந்தார். ஆனால் பாரிசில் முடிவு 6-2, 6-7, 6-4, 7-6 எனச் சோடர்லிங் பக்கம் சாய்ந்தது.

இது தற்செயலா? அன்று. நடாலின் பந்து மிகுந்த முன்சுழற்சியுடன் வந்து, தரையில் பட்டு, எதிராளியின் தோளுயரத்துக்கு எழும்பும். சராசரி உயரம் உள்ளவர்க்கு அதை இடப்பக்கத்தில் அடிப்பது பெருந்தொல்லை. சோடர்லிங்கோ ஆறடிக்கு மேல் உயர்ந்தவர். இடப்பக்க அடியை இரு கைகளாலும் அடிப்பவர். மற்றவர்க்குத் தொல்லையான உயரம் அவருக்கு வசதியாயிற்று. பின்வாங்காமல் தட்டையாகவும் வேகமாகவும் அடித்தார். ரோமில் பெற்ற தோல்வியை மனத்தில் ஏற்றிக்கொண்டு அவர் களமிறங்கவில்லை என்பதும் தெளிவு.

கணக்கு என்ன சொல்கிறது?

இனி நிகழ்தகவுக்கு வருவோம். ஒரு வீரர் ஒவ்வொரு புள்ளியையும் வெல்லும் நிகழ்தகவு 0.55 என்று கொள்வோம். அவர் ஒரு கேமை வெல்லும் நிகழ்தகவு கணக்கிட்டால் 0.62 வருகிறது. புள்ளியில் சிறிதாக இருந்த வேறுபாடு கேமில் பெரிதாகிறது. அதேபோல் ஒரு செட்டை வெல்லும் நிகழ்தகவு 0.6 என்றால், மூன்று செட் ஆட்டத்தை வெல்ல 0.648, ஐந்து செட் ஆட்டத்தை வெல்ல 0.683. ஆட்டம் நீள நீள வல்லவர் பக்கமே வாய்ப்பு கூடுகிறது.

அப்படியாயின் எதிர்பாராத முடிவுகள் ஏன் வருகின்றன? பட்டம் பெற ஏழு சுற்றுகளையும் வென்றாக வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல 0.9 வாய்ப்புள்ள மாபெரும் வீரரைக் கொள்வோம். 0.9ஐ ஏழு முறை பெருக்கினால் வருவது 0.478. அதாவது, பத்துக்கு ஒன்பது முறை வெல்லக்கூடியவரும் பட்டம் பெறும் வாய்ப்பு பாதிக்கும் குறைவு!

நடாலின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2005 முதல் 2024 வரை அவர் அங்கு ஆடிய ஆட்டங்களில் வெற்றி 112, தோல்வி 4. தோற்கடித்தவர்கள் 2009இல் சோடர்லிங், 2015இலும் 2021இலும் ஜோகோவிச், 2024இல் முதல் சுற்றிலேயே ஸ்வெரெவ். வெற்றி விகிதம் 0.966. இதனை ஏழு முறை பெருக்கினால் 0.78. அவர் பங்கேற்ற 19 போட்டிகளில் பெற்ற பட்டங்கள் 14, விகிதம் 0.74. 2016இல் காயத்தால் நடுவில் விலகியதும் இதில் அடங்கும். காகிதத்தில் போட்ட கணக்கும் களத்தில் நடந்ததும் இவ்வளவு நெருங்கி வந்ததைக் கண்டபோது நான் அடைந்த மகிழ்ச்சி சொல்லி மாளாது.

2025 ஜூன் 8 அன்று நடந்த இறுதியாட்டம் இன்னொரு பாடம். கார்லோஸ் அல்கராஸ் முதல் இரண்டு செட்டுகளை இழந்தார். நான்காம் செட்டில் யானிக் சின்னருக்கு மூன்று வெற்றிப் புள்ளி வாய்ப்புகள் கிடைத்தன. மூன்றையும் முறியடித்து, 5 மணி 29 நிமிடம் ஆடி அல்கராஸ் வென்றார். ஆனால் மொத்தப் புள்ளிகளை எண்ணினால் சின்னர் 193, அல்கராஸ் 192. தோற்றவரே ஒரு புள்ளி அதிகம் பெற்றவர்! எத்தனை என்பதோடு எப்போது என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது.

முடிவுரை

நண்பர்களே, இக்கணக்கை எழுதத் தூண்டிய காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் பருவத் தேர்வில் துணைப்பாடக் கணிதத்தில் நான் தோல்வியுற்றேன். நிகழ்தகவுப் பகுதியில் ஒரு வினாவைக்கூட நான் தொடவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அரியர் என்றால் என்ன என்று வீட்டில் விளக்கவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. "இவ்வளவு தூரம் வந்ததே பெரிது" என்று உறவினர் ஆறுதல் சொன்னார்கள். அன்புடன் சொன்ன சொல்தான். ஆயினும் என் தோல்வியில் ஒருவருக்கும் அதிர்ச்சி இல்லை என்பது எனக்கு வலித்தது. நான் தோற்பதைத்தான் அவர்கள் எதிர்பார்த்திருந்தனரோ?

டென்னிஸ் முடிவுகளை எழுதி வைக்கத் தொடங்கியது அந்த விடுமுறையில்தான். பெருக்கல் விதி எனக்குப் புரிந்தது சோடர்லிங்கால்தான் என்று சொன்னால் கணிதப் பேராசிரியர் சிரிக்கக்கூடும். மறுதேர்வில் நான் தேறிவிட்டேன்.

ஒன்றை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. எளியவர் என்றாவது ஒரு நாள் வென்றே தீருவார் என்று இக்கணக்கு சொல்லவில்லை. பெரும்பாலான நாள்களில் வல்லவரே வெல்கிறார். சோடர்லிங்கே 2009இல் இறுதியில் ஃபெடரரிடம் தோற்றார். 2010இல் அதே ஃபெடரரைக் காலிறுதியில் வென்றும், இறுதியில் நடாலிடம் தோற்றார். பட்டம் அவருக்குக் கிட்டவே இல்லை. கணக்கு சொல்வது இவ்வளவே: தரவரிசை என்பது நேற்றைய கணக்கு, இன்றைய ஆட்டம் முதல் புள்ளியிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது. புள்ளிதோறும் சிறிதளவு முன்னேறினால் கேமிலும் செட்டிலும் அது தானே பெருகும்.

நாளிதழ்கள் "அதிர்ச்சித் தோல்வி" என்றே எழுதுகின்றன. அது தோற்றவரின் பக்கம் நின்று எழுதிய தலைப்பு. வலைக்கு மறுபக்கம் நின்றவர், அந்த நாளுக்காக எத்தனை காலைகள் தூசியில் ஓடியிருப்பார்! அவருக்கு அது அதிர்ச்சி அன்று, உழைப்பின் பயன். இந்த ஆண்டு என் குறிப்பேட்டில் தலைப்பை மாற்றிவிட்டேன். "தோற்றவர்" என்று இருந்த இடத்தில் "வென்றவர்" என்று எழுதியிருக்கிறேன்.