தையல் கடையும் மந்த காலமும்

வியாபாரம் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தீபாவளிக்கு முன்பு தையல் கடையில் நிற்க இடம் இருக்காது. மறுமாதம் மெஷின் சும்மா கிடக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த இறக்கம். இதற்கு நாம் தயாராகவே இருப்போம்.

சில இறக்கங்கள் சொல்லாமல் வரும். 2016 நவம்பர் 8 இரவு, 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. புழக்கத்தில் இருந்த பணத்தில் நூற்றுக்கு 86 ரூபாய் அந்த நோட்டுகள்தான். ரொக்கத்தை நம்பிய சிறு கடைகள் திணறின. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பள்ளிகள் மூடின. கல்யாணங்கள் தள்ளிப்போயின. சீருடையும் இல்லை, ரவிக்கையும் இல்லை.

அப்போது தையல் தெரிந்த பெண்கள் என்ன செய்தார்கள்? முகக்கவசம் தைத்தார்கள். 2020 ஏப்ரல் நடுவிற்குள் 27 மாநிலங்களில் 20,000க்கும் மேற்பட்ட சுய உதவிக் குழுக்கள் 1 கோடியே 90 லட்சம் முகக்கவசங்களுக்கு மேல் தைத்துக் கொடுத்தன. அதே மெஷின், அதே கை. பொருள் மட்டும் புதிது.

கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் 20 ரூபாய்க்குச் சாப்பாடு போடும் ஜனகீய ஹோட்டல்களை நடத்தினார்கள். ஒரு சாப்பாட்டுக்கு அரசு 10 ரூபாய் மானியம் தந்தது. 2023இல் அந்த மானியம் நின்றது. விலையை உயர்த்த வேண்டி வந்தது. முகக்கவசத்தின் தேவையும் பிறகு குறைந்துவிட்டது. புதிய வருமானம் நிரந்தரமா, தற்காலிகமா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். தற்காலிக வேலைக்காகக் கடன் வாங்கி இன்னொரு மெஷின் வாங்கினால், வேலை போன பின்பும் தவணை நிற்காது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு தையல் கடைக்கு மாதம் 12,000 ரூபாய் வரவு. வாடகை 2,000. கரண்ட் 400. நூல், ஊசி, பித்தான் 1,600. செலவு மொத்தம் 4,000. கையில் நிற்பது 8,000.

மந்த காலத்தில் வரவு 7,000 ஆகிறது. நூல் செலவு 900 ஆகக் குறைகிறது. வாடகை குறையுமா? குறையாது. கரண்டுக்கும் அதே 400தான். செலவு 3,300. கையில் நிற்பது 3,700.

வரவு 5,000 குறைந்தது. செலவு 700தான் குறைந்தது. வீட்டுக்கு 4,300 ரூபாய் துண்டு விழுகிறது.

இதை எப்படி நிரப்புவது? கையில் காசு குறைந்தால் மக்கள் புதுத்துணி எடுப்பதைத் தள்ளிப்போடுவார்கள். பழைய துணியைத்தான் உடுத்துவார்கள். அதன் ஜிப் போகும். பிள்ளை வளர்ந்தால் மடிப்பைப் பிரித்துவிட வேண்டும். ஆனால் பல தையல்காரர்கள் இந்த வேலையைத் தொடுவதில்லை. கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். கௌரவம் கடை வாடகையைக் கட்டுமா?

ஒரு ஜிப் மாற்ற 40 ரூபாய் கூலி என்று வைப்போம். ஜிப்புக்கும் நூலுக்கும் 12 ரூபாய். மீதி 28. நாளுக்கு 5 துணி, மாதம் 25 நாள். 3,500 ரூபாய் கிடைக்கும். முதலீடு எவ்வளவு? ஒரு டஜன் ஜிப்பும், 'பழைய துணி திருத்தித் தரப்படும்' என்ற அட்டையும்தான். பாக்கி வைத்திருப்பவர்களிடமும் போய்க் கேளுங்கள். அதுவும் நம் பணமே.

இன்னொரு வழியையும் சிலர் சொல்வார்கள். "20,000 கடன் வாங்கு, நைட்டி வாங்கி வைத்து விற்கலாம்." வட்டிக்கு விடுபவர் மாதம் நூற்றுக்கு 5 ரூபாய் கேட்கிறார். மாத வட்டி 1,000 ரூபாய். ஒரு நைட்டிக்கு 30 ரூபாய் லாபம் என்றால், வட்டிக்கே 34 நைட்டி விற்க வேண்டும். அசல் அப்படியே நிற்கும். புதுத்துணியே எடுக்காத காலத்தில் யார் வாங்குவார்கள்?

கடன் கட்டாயம் வேண்டுமானால் வங்கியில் கேளுங்கள். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 'சிசு' என்ற பிரிவு உண்டு. ஈடு இல்லாமல் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். 2023இல் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் தையல் உட்பட 18 தொழில்கள் உண்டு. வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 5 ரூபாய். பதிவும் சில நாள் பயிற்சியும் உண்டு. பணம் நாளையே வந்துவிடாது. உங்கள் மாநிலத்தில் நடக்கிறதா என்று பொதுச் சேவை மையத்தில் விசாரியுங்கள்.

இரண்டிலும் 5 ரூபாய்தான். ஆனால் ஒன்று மாதத்துக்கு, மற்றொன்று வருடத்துக்கு. 20,000க்கு விஸ்வகர்மா திட்டத்தில் வருடம் முழுவதும் 1,000 ரூபாய்க்கு மேல் வட்டி வராது. வெளியில் வாங்கினால் 12,000. கையெழுத்துப் போடும் முன்பு அந்த ஒரு சொல்லைத் தேடிப் படியுங்கள்.

"வீட்டுக்கே வேலை அனுப்புகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். வேலை கொடுப்பவர் கூலி தருவார், கேட்க மாட்டார்.

செய்து பாருங்கள்

1. உங்கள் தொழிலில், வரவு குறைந்தாலும் குறையாத செலவுகள் எவை? நோட்டில் எழுதுங்கள்.

2. மேலே சொன்ன கடைக்கு ஜிப் வேலைக்குப் பிறகும் எவ்வளவு துண்டு விழுகிறது? வெட்டி மிஞ்சிய துணியில் பை தைத்து, ஒரு பைக்கு 20 ரூபாய் மிஞ்சினால், மாதம் எத்தனை பை விற்க வேண்டும்?